செவப்பு மருந்தும் சங்கக் கட்டுப்பாடும்

"இந்தக் காலத்துப் புள்ளைங்க கேம் ஆடியே நாசமாப் போகுதுங்க"ன்னு நம்ம வயசுக்காரங்க யாராச்சும் சொன்னா எனக்குப் பொசுக்குனு கோவம் வந்துருதுங்க. நாம ஆடலியா? கருமத்தம்பட்டிப் பக்கம் தறிக்கார ஊட்டுல பொறந்து, இன்னைக்குக் கண்ணாடி போட்டாத்தான் போன்ல எழுத்துத் தெரியுதுங்கற நெலமைக்கு வந்துட்ட உங்களைத்தான் கேக்கறேன். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால, பேக்கரி மாடியில, அந்த ப்ரவுசிங் சென்டர்ல சனிக்கெழமை காலைல பூந்தா மத்தியானச் சோத்துக்குக் கூட எறங்காம உக்காந்திருந்தது யாரு? நாமதான? அப்புறம் என்னத்துக்கு இப்பத்திப் புள்ளைங்களைப் பேசறது.

ஆடுனதுனால யாரும் கெட்டுப்போகலீங்க. எங்கூட்டுல எங்கப்பாவும் எங்கண்ணனும் பேச்சு விட்டுப்போனதுக்குக் காரணம் அந்த ஆட்டம்னு ஊரே சொல்லுச்சு. நானும் வேற ஒரு காரணத்தை மனசுல வெச்சுட்டு இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். ரெண்டுமே தப்புன்னு போன மாசம்தான் தெரிஞ்சுது. அதான் உங்ககிட்டச் சொல்லிப்போடலாம்னு உக்காந்தேன்.

எங்கப்பா நம்மூருத் தறிக்காரங்க சங்கத்துக்குத் தலைவரா இருந்தாரு. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, நாமெல்லாம் சொந்தமாத் துணி போட்டு விக்கறவங்க இல்ல. ஜவுளிக்காரர் தறில ஏத்தற பாவும் குறுக்க ஓட்டற ஊடை நூலும் குடுப்பாரு, நாம கூலிக்கு ஓட்டித் தருவோம். மீட்டருக்கு இத்தனைன்னு சங்கம் ஒரு கூலி பேசி வெச்சிருக்கும். அதுக்குக் கீழ யாரும் பாவு எடுக்கக் கூடாது. அதுதான் கட்டுப்பாடு. ஒருத்தர் எறங்குனா பக்கத்துத் தறிக்காரரும் எறங்கோணும், அப்புறம் ஊரே எறங்கோணும். அப்பா சாப்பிட உக்காந்தாலும் இதே பேச்சுத்தான். சட்டைப் பையில பேனா, புருவத்துல பஞ்சு, வாயில கட்டுப்பாடு. "உங்கொப்பனுக்குக் கட்டுப்பாட்டை ஊத்திப் பெசஞ்சு குடுத்தாப் போதும், ரசம்கூட வேண்டாம்"னு அம்மா சொல்லுவாங்க.

எனக்கு ஒரே அண்ணன். அவனுக்கு அப்பான்னா உசுரு. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் மொபெட்டுல பின்னால அவன்தான் உக்காந்திருப்பான். அப்பா பேச எந்திரிச்சா மொதல்ல துண்டை ஒரு ஒதறு ஒதறி, "ஏனுங்க, கொஞ்சம் ரோசனை பண்ணிப் பாருங்க"ன்னுதான் ஆரம்பிப்பாரு. அண்ணன் ஊட்டுல என்கிட்ட மிட்டாய் கேக்கறதுன்னாலும் அதே மாதிரி துண்டை ஒதறிட்டுத்தான் கேப்பான். அப்பா பாத்துட்டுச் சிரிச்சுக்கிட்டே, "சொல்லுங்க சின்னத் தலைவரே"ன்னு கூப்புடுவாரு. அப்படிக் கூப்புடறப்ப அவனுக்கு மூஞ்சி எப்படி மலரும்ங்கறீங்க! நான் பொறாமைல செத்திருக்கேன்.

நான் எட்டாவது படிக்கறப்பத்தான் அந்தப் பெரிய வேலைநிறுத்தம் வந்துச்சு. தீவாளி முடிஞ்சு புதுக் கூலி பேசறப்ப ஜவுளிக்காரங்க ஒத்துக்கல. தறியெல்லாம் நின்னுபோச்சு. மொத நாளு என்னமோ காதுல பஞ்சு வெச்ச மாதிரி இருந்துச்சுங்க. கோழி கொத்தற சத்தம் கேட்டுச்சு. பக்கத்தூட்டு அத்தை மூக்குச் சிந்தறது கேட்டுச்சு. தறிச் சத்தத்துலயே பேசிப் பழகுன சனம், அது நின்ன பின்னாலயும் கத்திக் கத்தியே பேசிட்டிருந்தாங்க. எங்கம்மா "உப்பு எங்க?"ன்னு கேட்டா தெருவே திரும்பிப் பாக்கும்.

அண்ணன் அப்ப ப்ளஸ் டூ முடிச்சுட்டுத் தறில நின்னுட்டிருந்தான். அடுத்த வருஷம் காலேஜ்ல சேத்தறதாப் பேச்சு. தறி நின்னதும் பசங்களுக்கெல்லாம் வேற என்ன வேலை? அத்தனை பேரும் சென்டருக்குப் படையெடுத்தாங்க. அவன் கண்டதையும் பாக்கறானான்னு பாத்துட்டு வரச் சொல்லி அம்மா என்னையும் கூடவே அனுப்பினாங்க. நான் வேவு பாக்கப் போனவ, அவன் சீட்டுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து அவனை விட ஆட்டத்துல மூழ்கிட்டேன்.

அந்த எடத்தோட வாசனை இன்னும் மூக்குல இருக்குதுங்க. சூடான ப்ளாஸ்டிக்கு, ரூம் ஸ்ப்ரே, கீழ பேக்கரியில வேகற பன்னு, அத்தனையும் ஒண்ணாக் கலந்து வரும். சென்டரை நடத்துனது ஒரு அக்கா. கறாரான பொம்பளை. அப்பத்தி மவுஸுக்கு அடியில ஒரு உருண்டை இருக்குமே, அதைக் கழட்டி உள்ள சுத்தியிருக்கற பஞ்சை ஊக்குல நோண்டி நோண்டி எடுப்பாங்க. "உங்கூருப் பசங்க கை வெச்சா மவுஸு கூட நூல் சுத்துது, கெரகம்"னு திட்டுவாங்க. தறி நின்ன பின்னாலயும் நம்ம கையில பஞ்சு இருந்துச்சுங்க.

ஆட்டம் என்னன்னு மறந்தவங்களுக்குச் சொல்றேன். அதுக்குள்ள ஒரு ஊரு, ஊருக்கு நடுவுல சந்தைத் திடல். அங்க நம்ம ஆளு காலை மடக்கி உக்காந்து கடை விரிச்சா தலைக்கு மேல ஒரு போர்டு வரும். என்ன சாமான், என்ன விலைன்னு நாமளே எழுதிக்கலாம். ஆட்டத்தை நடத்தறவங்க விலை வெக்க மாட்டாங்க. விக்கறவனும் வாங்கறவனும் பாத்து வெச்சுக்கறதுதான். காட்டுக்குச் சண்டைக்குப் போறவங்களுக்கு அடிபட்டா உசுரு ஏத்தறதுக்குச் செவப்பு மருந்து வேணும். மூலிகை பொறுக்கியாந்து அதைக் காச்சோணும். நேரம் புடிக்கற வேலை. நம்மூருப் பசங்களுக்கு அப்ப நேரத்துக்கா பஞ்சம்? அத்தனை பேரும் மருந்து காச்சுனாங்க.

அங்கதான் வந்துச்சு அக்கப்போரு. ஒருத்தன் நூத்தியிருவது காசு போர்டு போட்டா, பக்கத்துச் சீட்டுக்காரன் தட்டி மேல எட்டிப் பாத்துட்டு நூத்திப்பத்தொம்பது போடுவான். அதைப் பாத்து இன்னொருத்தன் இன்னும் ஒண்ணு கொறைப்பான். சாயந்திரத்துக்குள்ள விலை மூலிகை பொறுக்குன பாட்டுக்குக் கூடக் காணாம எறங்கிப்போயிரும். வாங்கறவங்க நின்னு வேடிக்கை பாத்துட்டு, இன்னும் எறங்கட்டும்னு காத்திருப்பாங்க. ஒருநாள் சங்கத்துச் செயலாளர் மகனும் இன்னொருத்தனும் "எம்பக்கத்துல உக்காந்துட்டே எனக்குக் கீழ போடறியாடா"ன்னு கட்டிப் பொரண்டு, அக்காவோட ஹெட்போன் ஒண்ணு ஒடஞ்சுபோச்சு.

அப்பத்தான் எங்கண்ணன் நாற்காலி மேல ஏறுனான். துண்டு இல்ல, கைக்குட்டையை ஒதறுனான். "ஏனுங்க, கொஞ்சம் ரோசனை பண்ணிப் பாருங்க. நம்ம அப்பனுங்க எதுக்குத் தறியை நிறுத்திட்டு உக்காந்திருக்காங்க? நாம இங்க வந்து என்ன பண்ணிட்டிருக்கறோம்?"னு ஆரம்பிச்சான் பாருங்க, அப்படியே எங்கப்பாதான். மருந்து ஒண்ணு நூறு காசு. அதுக்குக் கீழ யாரும் விக்கக் கூடாது. வித்தா அவன்கூட யாரும் பேசக் கூடாது, சண்டைக்குச் சேத்திக்கக் கூடாது. எல்லாரும் கை தட்டி ஒத்துக்கிட்டாங்க. அந்தத் திடல்ல மருந்து விக்கறவங்கள்ல முக்காவாசிப் பேரு நம்ம பசங்களா இருந்ததுனால, வெளியூர்க்காரங்க நாலு நாளு மொணகிட்டு அதே விலைக்கு வாங்க ஆரம்பிச்சாங்க.

அன்னைக்குப் பொழுதோட அண்ணன் இதை அப்பாகிட்டச் சொன்னப்ப அவருக்குப் பட்ட சந்தோசம் இருக்குதே! வேலைநிறுத்தம் ஆரம்பிச்சதுலேருந்து அவரு மூஞ்சில சிரிப்பையே நாங்க பாக்கல. அவன் கழுத்தைச் சுத்திக் கை போட்டு இழுத்து, "எஞ் சாமி, கம்ப்யூட்டர்லயும் சங்கம் வெச்சுட்டியா!"ன்னாரு. அடுத்த நாள் பேக்கரில டீ குடிக்கற அத்தனை பேருகிட்டயும் அதே பேச்சுத்தான். ஊருக்கெல்லாம் அது இப்படித்தான் தெரிஞ்சுது.

கொஞ்ச நாள் நல்லாத்தான் போச்சு. அப்புறம் ஆட்டத்துக்குள்ள ஒரு புதுப் பையன் வந்தான். மேட்டுப்பாளையம்னு சொன்னான். ஆளு எப்படி இருப்பான்னு நமக்கெங்க தெரியும், இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிச்சு, "அண்ணா, மருந்து கொறைச்சுத் தருவீங்களா"ன்னு கேப்பான். புதுசா வர்றவங்க மொயல அடிச்சா ரெண்டு காசு வரும், நரிய அடிச்சா மூணு. நூறு காசுக்கு எங்க போறது? மருந்தில்லாமக் காட்டுக்குப் போயி அடிபட்டு விழுவான். விழுந்தா கையில இருக்கறதுல பாதி போயிரும். திரும்ப வந்து எங்கண்ணன் கடை முன்னால நிப்பான். ஒண்ணும் கேக்க மாட்டான், போர்டைப் பாத்துட்டு நிப்பான். 

ஒருநாள் அண்ணன் அவனைத் தனியாக் கூப்புட்டு நாப்பது காசுக்குக் குடுத்தான். தலைக்கு மேல போர்டு நூறுலதான் இருந்துச்சு. நான் பாத்துட்டேன்.

"ஏண்ணா, கட்டுப்பாடு என்னாச்சு?"ன்னேன்.

"கட்டுப்பாடு நம்ம வயித்துல அடிக்கறவனுக்குத்தான் அம்மணி. இவன் யாரை அடிச்சான்? நூறு நாயமான விலைதான், நான் இல்லீங்கல. ஆனா இவன்கிட்ட நூறு இல்லியே. கொஞ்சம் தேறுனான்னா அப்புறம் நூத்துக்கே வாங்கிக்குவான்."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்ன? அப்பாவும் இதேதான் சொல்லுவாரு. நானே சொல்லத்தான் போறேன்."

அவன் சொன்னதுல துளிகூடப் பயம் இல்லீங்க. அப்பா தன்னை மாதிரியேதான் நெனைப்பாருன்னு அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கு இன்னைக்கும் அதுல யாரு பக்கம் நாயம்னு தெரியல. ஏன்னா அப்புறம் நடந்தது இதுதான். மேட்டுப்பாளையத்துப் பையன் பேச்சைக் கேட்டு வேற நாலு புதுசுங்க வந்தாங்க. எல்லாருக்கும் இவன் நாப்பதுக்குக் குடுத்தான். அதுல ஒருத்தன் வாங்குனதைக் கொண்டுபோயித் திடல்லயே தொண்ணூறுக்குக் கடை விரிச்சுட்டான். நம்ம பசங்க கடைல ஈ ஓட்டிட்டு உக்காந்திருந்தாங்க. செயலாளர் மகன் போயி, "எங்கடா கெடச்சுது?"ன்னு கேக்க, "உங்க தலைவர்தான் நாப்பதுக்குத் தர்றாரே"ன்னு அவன் போட்டு ஒடைச்சுட்டான்.

சென்டர்ல பெரிய ரகளை. அண்ணன் எத்தனையோ சொல்லிப் பாத்தான். யாரும் காது குடுக்கல. அவன் போட்ட தீர்மானத்தை அவன் மேலயே போட்டு, பேச்சை நிறுத்திட்டாங்க. பக்கத்துச் சீட்டுல உக்காந்து ஒண்ணாப் பன்னு தின்னவங்க, தட்டிக்கு அந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. "இருக்கட்டும், எங்கப்பாகிட்டக் கேட்டுக்கலாம், அவரு சொல்லட்டும்"னான் அவன்.

அப்பாவுக்கு அப்ப எங்க நேரம்? கை விட்டுப் போயிட்டிருந்துச்சு. தறி நின்னு வாரங்கள் ஓடிப்போச்சு. கடைக்காரங்க பாக்கி வெக்கறதை நிறுத்திட்டாங்க. மேக்கால வளவுத் தறிக்காரர் ஒருத்தர் கமுக்கமாக் கொறைஞ்ச கூலிக்குப் பாவு எறக்கி ஓட்டறாருன்னு பேச்சு வந்துச்சு. அவரு கெட்டவரில்ல, தறிக்கு வாங்குன கடன் கழுத்தை நெரிச்சுது. ஆனா அவரை விட்டா அடுத்த நாள் பத்துப் பேரு எறக்குவாங்க. அண்ணன் மூணு தடவை, "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு பேசோணுங்க"ன்னு போனான். "அப்புறம் சாமி, அப்புறம்"னு அப்பா மொபெட்டை எடுத்துட்டுப் போயிட்டாரு.

ஞாயித்துக்கெழமை காலைல கல்யாண மண்டபத்துல கூட்டம். அப்பா மாத்திரைய மறந்துட்டுப் போயிட்டாருன்னு அம்மா என்கிட்டக் குடுத்தனுப்பினாங்க. நான் போறப்ப மண்டபம் நெறஞ்சு கெடந்துச்சு. பின் வாசப்படியிலயே நின்னுட்டேன். அப்பா மேடைக்குக் கீழ மைக்கைப் புடிச்சுட்டு மேக்கால வளவுக்காரரை எழுப்பி நிறுத்தியிருந்தாரு.

"ஏனுங்க, கொஞ்சம் ரோசனை பண்ணிப் பாருங்க. நீங்க ஒருத்தர் எறங்குனா இத்தனை குடும்பம் பட்ட பாடு என்னாகறதுங்க? கூட்டத்துல மன்னிப்புக் கேட்டுட்டு அந்தப் பாவைத் திருப்பிக் குடுத்துருங்க."

தலையத் தொங்கப் போட்டுட்டு நின்ன மேக்கால வளவுக்காரரு நிமிந்தாரு.

"சரிங்க தலைவரே. நீங்க சொன்னாச் சரிதானுங்க. ஆனா உங்க பையன் கம்ப்யூட்டர்ல என்னமோ மருந்து விக்கறானாமா. சங்கம் வெச்சதும் அவந்தானாம், திருட்டுத்தனமாப் பாதி விலைக்குத் தர்றதும் அவந்தானாம். செயலாளர் ஊட்டுப் பையன் சொல்றான். அவனுக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமுங்களா?"

மண்டபமே கொல்லுனு சிரிச்சுது. வயித்துப் பசியோட உக்காந்திருந்த சனம், சிரிக்க ஒண்ணு கெடச்சதும் விடல. அப்பா காது ரெண்டும் செவந்துபோச்சு. அவரு நெலமைய இப்ப ரோசனை பண்ணிப் பாக்கறேன். அது வெளையாட்டுன்னு சிரிச்சு ஒதுக்கியிருக்கலாம். ஆனா அவரேதான பேக்கரில பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சாரு? பையனை விட்டா இவரையும் விடோணும். இவரை விட்டா எல்லாம் போச்சு.

"அவனைக் கூட்டியாங்க"ன்னாரு. "மொதல்ல எங்கூட்டுப் பையன் மன்னிப்புக் கேப்பான். அப்புறம் நீங்க கேளுங்க."

பேக்கரில நின்னவனை யாரோ ஓடிப்போயிக் கூட்டியாந்தாங்க. அண்ணன் என்னைத் தாண்டித்தான் உள்ள போனான். அவன் மூஞ்சி பளிச்சுனு இருந்துச்சுங்க. கடைசில அப்பா கேக்கறாரு, சொல்லலாம்னு நெனச்சுட்டுப் போறான். எனக்கு அதை நெனச்சாத்தான் இன்னும் தாங்கல.

"நீ ரேட்டுக்குக் கீழ வித்தியா?"

"வித்தனுங்கப்பா. ஆனா அது வந்துங்க…"

"ஆனா போனாவெல்லாம் வேண்டாம். மைக்கைப் புடி. மன்னிப்புக் கேளு."

மைக்கை அவன் கையில குடுத்துட்டு அப்பா முன் வரிசைல போயி உக்காந்தாரு. அண்ணன் கூட்டத்தைப் பாத்து நின்னான். அந்தப் பளிச்சு மெதுவா அணைஞ்சுது. "நான் ரேட்டுக்குக் கீழ செவப்பு மருந்து வித்தது தப்புங்க. எல்லாரும் மன்னிச்சுக்கோங்க"ன்னான். செவப்பு மருந்துங்கற சொல்லு மைக்குல வந்ததும் மறுபடியும் மண்டபம் அதிர்ற மாதிரிச் சிரிப்பு. செயலாளர் தொடையத் தட்டிட்டுச் சிரிச்சாரு. மேக்கால வளவுக்காரரே சிரிச்சாரு. நான் அப்பாவைப் பாத்தேன். முதுகுதான் தெரிஞ்சுது. துண்டை எடுத்து மூஞ்சியப் பொத்திக்கிட்டாரு. தோளு ரெண்டும் குலுங்குச்சு.

எங்கப்பா அழறாருன்னு எனக்கு அழுகை முட்டிட்டு வந்துச்சு. மாத்திரையக் குடுக்காமயே ஊட்டுக்கு ஓடி வந்துட்டேன்.

மேக்கால வளவுக்காரர் மன்னிப்புக் கேட்டு, பாவைத் திருப்பிக் குடுத்துட்டாரு. "பெத்த பையனையே நிறுத்திட்டாரய்யா, அவரு தலைவரு!"ன்னு பேக்கரில எங்கப்பாவுக்குப் பேரு. கட்டுப்பாடு இன்னும் கொஞ்ச காலம் நின்னுச்சு. அண்ணன் அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவை சென்டருக்குப் போனான், நானும் போனேன். கடைய மடிச்சு வெச்சுட்டான். மேட்டுப்பாளையத்துப் பையன் அங்கயே காத்திருந்த மாதிரி ஓடி வந்து, "அண்ணா, நான் அஞ்சாவது லெவல் வந்துட்டனுங்"ன்னான். அண்ணன் அவனுக்கு இருந்த மருந்தெல்லாத்தையும் சும்மாவே குடுத்துட்டு, "இனிமேல் வர மாட்டேன் தம்பி"ன்னு அடிச்சான். பதிலுக்குக் கூடக் காத்திருக்கல, எந்திரிச்சுட்டான். அந்தப் பையன் என்ன எழுதினான்னு நான்தான் பாத்தேன். "ஏனுங்ணா?"ன்னு கேட்டிருந்தான்.

வேலைநிறுத்தம் எப்படி முடிஞ்சுதுன்னு உங்களுக்கே தெரியும். கோயமுத்தூர் போயிப் பேசி, கேட்ட கூலிக்கு ரொம்பக் கீழதான் கையெழுத்துப் போட்டுட்டு வந்தாங்க. எங்கப்பாவும் போட்டாரு. அவரை யாரும் மைக்கைப் புடிக்கச் சொல்லல. வந்து செவுத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டாரு. காலைல அண்ணன்தான் தறியை ஓட்டி விட்டான். சத்தம் வந்துருச்சு. தறி ஓடற ஊட்டுல ரெண்டு பேரு பேசிக்காம இருக்கறது வெளிய தெரியாதுங்க. அம்மாவுக்கே தெரிய வெகு நாளாச்சு.

அம்மா சொன்னதும் அப்பா என்ன பண்ணுனாரு தெரியுமா? கடன் வாங்கி ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிட்டு வந்துட்டாரு. பையனுக்கு ஆட்டம் போச்சேன்னு வருத்தம்னு நெனச்சுட்டாரு, பாவம். கூடத்துல மேசை போட்டு, மாலை போட்டு, பொட்டு வெச்சு, "பாரு சாமி"ன்னாரு. அண்ணன், "நல்லாருக்குதுங்கப்பா"ன்னுட்டுக் குளிக்கப் போயிட்டான். அம்மா தன்னோட பழைய வாயில் சேலையக் கிழிச்சு அதுக்கு உறை தெச்சுப் போட்டாங்க. அந்த உறையக் கழட்டுனது நான் மட்டும்தான்.

காலேஜ் பேச்செடுத்தப்ப அண்ணன் வேண்டாம்னுட்டான். திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயி, அங்கயே கட்டிங் மாஸ்டராகி, அங்கயே கல்யாணம், ஊடு. பண்டிகை நோம்பிக்கு வருவான். அப்பாவைப் பாத்தா மரியாதையா எந்திரிச்சு நிப்பான். "மாத்திரை தின்னாச்சுங்களா?"ன்னு கேப்பான். செலவுக்குத் தருவான். ஒரு கொறை சொல்ல முடியாது. ஆனா "கொஞ்சம் ரோசனை பண்ணிப் பாருங்க"ங்கற அந்தச் சொல்லு அவன் வாயில மறுபடி வரவே இல்ல. அப்பாவும் "சின்னத் தலைவரே"ன்னு ஒரு தடவை கூப்புட்டுப் பாத்தாரு. அவன் திரும்பிப் பாக்கல. கேக்கலியோ என்னமோ.

எனக்கு அவன் மேல அத்தனை கோவம் வருமுங்க. "அண்ணா, அன்னைக்கு அப்பா அழுதாருண்ணா, நான் என்ற கண்ணால பாத்தேன்"னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சொன்னா என்னை ஒரு மாதிரியாப் பாப்பான். அப்புறம், "புள்ளைங்க எப்படிப் படிக்குது?"ன்னு பேச்சை மாத்திருவான். கல்லு நெஞ்சுக்காரன்னு நான் மனசுக்குள்ள வெஞ்சுக்குவேன்.

அப்பா படுக்கைல விழுந்த பின்னால ஒருநாள் என்னைப் பக்கத்துல கூப்புட்டாரு. பேச்சுக் கொழறலா வந்துச்சு. "அன்னைக்கு மன்னிப்புக் கேக்க வெச்சது இன்னும் அவன் மனசுல இருக்குதா கண்ணு? நான் வேற என்னதான் பண்ணியிருக்க முடியும்? நீ கேட்டுச் சொல்லு"ன்னாரு. அவன் வரட்டும், கேக்கறேன்னேன். அவன் வந்து சேர்றதுக்குள்ள அப்பா போயிட்டாரு.

கொடுமுடில அஸ்தி கரைக்கப் போனோம். இப்பெல்லாம் பொம்பளைங்களும் போறமே. காரியம் முடிஞ்சு ஒறம்பரைச் சொந்தமெல்லாம் சாப்பிடப் போயிட்டாங்க. அண்ணனும் நானும் படித்தொறைல உக்காந்திருந்தோம். அவன் தலையெல்லாம் நரைச்சு, ஈரத்தோட அப்பா மாதிரியே இருந்தான். எனக்குப் பொறுக்கல, கேட்டுட்டேன்.

"அண்ணா, அப்பா கடைசியா ஒண்ணு கேக்கச் சொன்னாரு. அன்னைக்கு மன்னிப்புக் கேக்க வெச்சதுக்குத்தான் இத்தனை வருஷக் கோவமா?"

அவன் வேட்டி நுனியப் புழிஞ்சுக்கிட்டே, "அதுக்கில்ல அம்மணி"ன்னான். "அவரு எடத்துல யாரு இருந்தாலும் அதைத்தான் பண்ணோணும். மேக்கால வளவுக்காரரை வேற எப்படி வழிக்குக் கொண்டாறது? மைக்கைக் கையில வாங்குனப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. சரி, அப்பாவுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான் கேட்டேன்."

"பின்ன என்னண்ணா?"

"எல்லாரும் சிரிச்சாங்கல்ல? அவரும் சிரிச்சாரு."

"ஐயோ, இல்லண்ணா! அழுதாரு. துண்டுல மூஞ்சியப் பொத்திக்கிட்டு…"

"நீ பின்னால நின்ன. எனக்கு நேர் எதுத்தாப்புல உக்காந்திருந்தாரு. அடக்கிப் பாத்தாரு, முடியல. துண்டை வெச்சு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு. கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாரு."

 எங்கப்பா மேல தப்புச் சொல்ல எனக்கு வாய் வராதுங்க. ஊரே சிரிக்கறப்பத் தலைவர் மட்டும் எப்படி மொறைச்சுட்டு உக்காந்திருப்பாரு? சிரிச்சது அவருக்கு ஞாபகமே இருந்திருக்காது. இருந்திருந்தா அதையும் சேத்துத்தான கேக்கச் சொல்லியிருப்பாரு? கம்ப்யூட்டரு வாங்கியாந்தாரு, காலேஜுக்குப் போகச் சொல்லிக் கெஞ்சுனாரு, எதுக்குன்னே தெரியாம என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டுப் போயிட்டாரு. நானோ அவன்கிட்டப் போயிப் போயி அழுதாரு, அழுதாருன்னு சொல்லிட்டிருந்திருக்கேன்.

"ஒரு வார்த்தை அவருகிட்டச் சொல்லியிருக்கலாம்லண்ணா?"ன்னேன்.

அவன் புழிஞ்ச வேட்டி நுனிய ஒதறி விட்டான்.

"சொல்லியிருந்தா அவரு என்கிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பாரு அம்மணி. அவரு கேக்கறதை நின்னு பாக்க என்னால ஆகாது."

சொல்லிட்டு எந்திரிச்சுப் படியேறிப் போயிட்டான். நான் அங்கயே உக்காந்து ஓன்னு அழுதுட்டேனுங்க.